படிவத்துல அடிக்கிற பேரு உள்ள போய் என்னாகுதுன்னு யாராவது பாக்கணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

பாம்பன்ல இருந்து எழுதுறேன். பதினோரு வருசமா ஜாவாங்கிற ப்ரோகிராம் மொழியில வேலை பாக்குறேன், முதல்ல சென்னையில, இப்ப கொஞ்ச வருசமா ஊருல வீட்டுல இருந்தபடியே. உங்க பேப்பர்ல கல்விப் பக்கத்துல கம்ப்யூட்டர் பத்தி வர்றத ஒண்ணு விடாம படிக்கிறவ நான். எந்த கோர்ஸ் படிச்சா வேலை, எவ்வளவு சம்பளம், ஏஐ வந்தா என்னாகும்னு நிறைய வருது. ஆனா நம்ம சனம் தினமும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து முட்டி மோதுற ஒரு விசயம் பத்தி ஒரு வரி கூட பாத்ததில்ல. வெப்சைட்டுல ஒரு படிவம் இருக்கு, அதுல பேரு, போன் நம்பரு, தேதின்னு அடிச்சு சப்மிட் அமுக்குறோம், அமுக்குன அப்புறம் அந்த எழுத்தெல்லாம் உள்ள இருக்கிற ப்ரோகிராம்ல ஒரு ஆப்ஜெக்ட்டுக்குள்ள, அதாவது விவரத்த சேத்து வைக்கிற ஒரு டப்பா மாதிரி ஒண்ணுக்குள்ள, போய் அது அது எடத்துல உக்காரணும். எங்க தொழில்ல இதுக்கு டேட்டா பைண்டிங்னு பேரு. நம்ம ஆளுங்க பேரும் நம்பரும் தொலைஞ்சு போறது பெரும்பாலும் இந்த எடத்துலதான். கொஞ்சம் நீளமான லெட்டர்தான், பொறுத்துப் படிங்க.

போன தடைக்காலத்துல நடந்தத சொல்றேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும், அந்த நாள்லதான் வீட்டுல கெடக்குற பேப்பர் வேலையெல்லாம் எங்க ஊர்ல நடக்கும். எங்க மதினி ஒரு நாள் காலையில ஒரு கவர் நிறைய ஜெராக்ஸோட வந்தாங்க, மாமா பேர்ல ஒரு விண்ணப்பம் ஆன்லைன்ல போடணும்னு. எந்த எடத்தோட வெப்சைட்டுன்னு நான் சொல்ல விரும்பல. முப்பது பெட்டிக்கு மேல இருக்கும். மதினியே பொறுமையா ஒவ்வொண்ணா அடிச்சாங்க, போன் நம்பர எல்லாரும் எழுதுற மாதிரி அஞ்சு அஞ்சு எண்ணா நடுவுல கோடு போட்டு அடிச்சாங்க. சப்மிட் அமுக்குனா செகப்பு எழுத்துல ஒரு வரி இங்கிலீஷ்ல வந்துச்சு, அடிச்ச முப்பது பெட்டியும் காலி. நெட்டு வேற விட்டு விட்டுத்தான் வந்துச்சு. மூணு தடவ அடிச்சாங்க, மூணு தடவயும் அதே கதை. மத்தியானம் கொழம்பு வைக்கணும்னு எந்திரிக்கப் போனவங்க கண்ணுல தண்ணி நின்னத பாத்துட்டுத்தான் நான் என் வேலைய மூடி வச்சுட்டுப் போய் அந்த செகப்பு வரிய படிச்சேன். ஃபெயில்டு டு கன்வர்ட் ப்ராப்பர்ட்டி வேல்யூ ஆஃப் டைப் ஜாவா லாங் ஸ்ட்ரிங் டு ரெக்வயர்டு டைப் ஜாவா லாங் லாங். எனக்கு சுருக்குன்னு குத்துச்சு, ஏன்னா அது ஸ்பிரிங் ஃப்ரேம்ஒர்க், அதாவது ஜாவாவுல வெப்சைட்டு செய்ய உதவுற ஒரு ரெடிமேட் தொகுப்பு, தானா எழுதிக் குடுக்கிற வரி, நான் பொழுதன்னைக்கும் பாக்குற வரி. ப்ரோகிராம் எழுதுறவன் தனக்காகப் படிச்சுக்க வேண்டியத எங்க மதினிக்கு காட்டியிருக்காங்க. போன் நம்பர ஒரு எண்ணா, லாங்னு சொல்ற வகையில வச்சிருக்காங்க, நடுவுல கோடு இருந்தா அத எண்ணா மாத்த முடியாது, அவ்வளவுதான். கோட்ட எடுத்துட்டு அடிச்சேன், போயிருச்சு. ஆனா வந்த ரசீதுல மாமா பேரு இருக்க வேண்டிய எடத்துல தலையில கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியும் மாத்தி மாத்தி நின்னுச்சு.

இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா நம்ம மாவட்டத்துல வருசா வருசம் கம்ப்யூட்டர் படிச்சுட்டு வெளிய வர்ற பிள்ளைங்களுக்கு இது தெரிஞ்சா நாளைக்கு அவங்க எழுதுற படிவம் யாரையும் அழ வைக்காது.

பிரவுசர் படிவத்த அனுப்பும்போது வெறும் எழுத்தாத்தான் அனுப்பும். பெட்டியோட பேரு, ஒரு சமக்குறி, அதுல அடிச்ச எழுத்து, இப்படியே வரிசையா. எண்ணு, தேதி, ஆமா இல்லைன்னு எதுவும் அதுக்குத் தெரியாது. ஆரம்பத்துல ஜாவா சர்வ்லெட்ல, அதாவது பிரவுசர் அனுப்புறத வாங்கிக்கிற ஜாவா ப்ரோகிராம்ல, வேலை பாத்தவங்க ஒவ்வொரு பெட்டிக்கும் கெட் பாராமீட்டர்னு கூப்பிட்டு எழுத்த எடுத்து, எண்ணா மாத்தி, ஆப்ஜெக்ட்ல போட்டு, நாப்பது பெட்டின்னா நாப்பது தடவ இதையே எழுதணும், ஒண்ணு விட்டுப் போனாலும் கதை கந்தல். 2000ல ஆரம்பிச்ச ஸ்ட்ரட்ஸ்ங்கிற இன்னொரு தொகுப்பும், 2004ல முதல் பதிப்பு வந்த ஸ்பிரிங்கும் இந்த வேலைய தானா செய்யக் கத்துக்கிச்சு. அதுக்கு அடிப்படை அதுக்கும் முன்னாடி சன் கம்பெனி கொண்டு வந்த ஜாவாபீன்ஸ்ங்கிற ஒரு வழக்கம்தான். ஒரு ஆப்ஜெக்ட்ல ஒரு ப்ராப்பர்ட்டி, அதாவது ஒரு விவரத்துக்கான எடம், இருக்குன்னா உள்ள போட ஒரு செட்டர், வெளிய எடுக்க ஒரு கெட்டர், பேரு இந்த மாதிரிதான் வைக்கணும்னு. பெட்டிக்கு ஓனர்னு பேரு வச்சா ஸ்பிரிங் போய் செட்ஓனர்னு ஒண்ணு இருக்கான்னு தேடும், இருந்தா கூப்பிடும். ஓனர் டாட் போன்னு பேரு வச்சா முதல்ல ஓனர வெளிய எடுத்து அதுக்குள்ள இருக்கிற போன்ல போடும். படகுல போற ஆளுங்க பட்டியல்னா சதுர அடைப்புக்குள்ள சைபர், ஒண்ணுன்னு எண் போட்டு பேரு வைக்கலாம், பட்டியலும் தானா நீளும், ஆனா யாராவது கோடிக்கணக்குல ஒரு எண்ணப் போட்டு சர்வர சாய்ச்சிரக் கூடாதுன்னு 256 வரைக்கும்னு ஒரு எல்லை வச்சிருக்காங்க.

கரையில மீன் இறக்குற எடத்துல வலைய உதறி நண்டு ஒரு கூடை, கணவாய் ஒரு கூடைன்னு பிரிச்சுப் போடுவாங்கல்ல, அந்த மாதிரி வேலைதான் இந்த பைண்டர் பாக்குறது. ஆனா ஒரு வித்தியாசம். கூடை இல்லாத மீன் வந்தா நம்ம ஆளுங்க இத எங்க போடன்னு கேப்பாங்க. ஸ்பிரிங் கேக்காது. பெட்டியோட பேருக்கு ஏத்த ப்ராப்பர்ட்டி இல்லைன்னா சத்தமில்லாம மணல்ல போட்டுட்டுப் போயிரும், எர்ரரும் வராது. பேருல ஒரு எழுத்து சின்னது பெரிசா மாறியிருந்தா கூட அப்படித்தான். எங்க வீட்டுக்கு சாயங்காலம் ஃபைனல் இயர் பிள்ளைங்க மூணு பேர் ப்ராஜெக்ட்டுக்கு வருவாங்க, படகு பதிவு பண்ற வெப்சைட்டு ஒண்ணு செய்றாங்க, அதுல படகு நம்பர் மட்டும் எப்பவும் காலியாவே சேமிக்குதுன்னு ரெண்டு நாள் டேட்டாபேஸ மாத்தி மாத்திப் பாத்திருக்காங்க. கடைசியில பாத்தா படிவத்த எழுதுற ஹெச்டிஎம்எல்ல நம்பருங்கிற சொல்லோட முதல் எழுத்து சின்னது, ஜாவாவுல பெருசு. அந்த ரெண்டு நாளுக்காக அவங்கள திட்ட எனக்கு மனசு வரல, இத யாருமே அவங்களுக்கு சொல்லித் தரல.

அந்த ப்ராஜெக்ட்ட உக்காந்து முழுசா பாத்தப்பதான் இந்த லெட்டர் எழுதணும்னு முடிவே பண்ணேன், ஏன்னா மதினிக்கு நடந்தது ஒவ்வொண்ணும் அதுக்குள்ள இருந்துச்சு. போன் நம்பர இன்ட்னு ஒரு எண் வகையில வச்சிருந்தாங்க. இன்ட்ல பிடிக்கிற பெரிய எண்ணே 2147483647தான், நம்ம நாட்டு செல் நம்பர் எல்லாமே ஆறுல இருந்து ஒம்பதுக்குள்ள ஆரம்பிக்கிற பத்து எண்ணு, ஒண்ணு கூட உள்ள போகாது. அவங்க டெஸ்ட் பண்ணும்போது 12345ன்னு அடிச்சே பாத்ததால தெரியவே இல்ல. லாங்னு மாத்துனா பத்து எண்ணு பிடிக்கும், ஆனா ராமநாதபுரம் எஸ்டிடி கோடு 04567, முன்னாடி இருக்கிற சைபர் போயிரும். போன் நம்பர கூட்டவும் மாட்டோம் பெருக்கவும் மாட்டோம், அது பேரு மாதிரி ஒரு அடையாளம், ஸ்ட்ரிங்காவே, அதாவது வெறும் எழுத்தாவே, வைக்கணும். நடுவுல இடம் விட்டாலும் கோடு போட்டாலும் பைண்டரே சுத்தம் பண்ணி எடுத்துக்கிறதுக்கு இனிட்பைண்டர்னு ஒரு மெத்தட்ல நாலு வரி எழுதுனா போதும். படகு நம்பரும் இதே மாதிரிதான், ஐஎன்டி டிஎன் 10 எம்எம்னு ஆரம்பிக்கிற நம்பர ஒருத்தர் நடுவுல கோடு போட்டு எழுதுவாரு, ஒருத்தர் இடம் விடுவாரு, படகு மேல பெயிண்ட் அடிச்சவரு எப்படி எழுதினாரோ அப்படியேதான் ஓனரும் அடிப்பாரு. ரெண்டும் ஒரே படகுன்னு கண்டுபிடிக்கிறது ப்ரோகிராமோட வேலை, ஓனரோட வேலை இல்ல.

தேதி. நம்ம நாள் முன்னாடி எழுதுவோம், அமெரிக்காவுல மாசம் முன்னாடி. ஃபார்மட் சொல்லாம விட்டுட்டா 05/06ன்னு அடிச்சது ஜூன் அஞ்சா மே ஆறான்னு சர்வரு தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணும். ஜாவாவுல தேதி படிக்கிற பழைய சிம்பிள்டேட்ஃபார்மட்ல மாசம் முன்னாடின்னு வச்சிருந்தா இன்னும் மோசம், அது தன் வழக்கப்படி ரொம்ப தாராளமா ஏத்துக்கும், 15/04/2024ன்னு அடிச்சா பதினஞ்சாவது மாசம் இல்லைன்னு சொல்லாது, பன்னெண்டுக்கு மேல மூணு மாசம்னு கணக்குப் போட்டு 2025 மார்ச் 4ன்னு எழுதி வச்சிரும். தடைக்காலம் ஆரம்பிக்கிற நாளே அடுத்த வருசத்துக்குப் போயிருச்சு பாருங்க. டேட்டைம்ஃபார்மட்னு ப்ராப்பர்ட்டி மேல ஒரு வரி போட்டா தீர்ற விசயம் இது.

காலி பெட்டி விசயத்துலயும் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒண்ணும் அடிக்காம விட்ட பெட்டி நல்-னு (null, மதிப்பே இல்லைன்னு அர்த்தம்) வராது, நீளமே இல்லாத ஒரு எழுத்துச் சரமாத்தான் வரும், அதனால நல் வரக் கூடாதுன்னு நாட்நல் காவல் போட்டா அது தாராளமா உள்ள விட்டுரும். வெறுமையா இருக்கக் கூடாதுங்கிற நாட்பிளாங்க்தான் போடணும், இல்லாட்டி ஸ்ட்ரிங்ட்ரிம்மர் எடிட்டர வச்சு காலிய நல்-னு மாத்தணும்.

இதவிட எனக்கு பயமா இருந்தது செக்பாக்ஸ்தான். டிக் பண்ணாத பெட்டிய பிரவுசர் அனுப்பவே அனுப்பாது, இல்லைன்னு கூட சொல்லாது. பிள்ளைங்க ப்ராஜெக்ட்ல லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு ஒரு டிக் இருந்துச்சு. போன வருசம் இருக்குன்னு டிக் பண்ணி சேமிச்சாச்சு, இந்த வருசம் ஜாக்கெட் கிழிஞ்சு போச்சு, ஓனர் உண்மையா டிக்க எடுத்துட்டு சப்மிட் பண்றாரு. டேட்டாபேஸ்ல இருந்து எடுத்த பழைய ஆப்ஜெக்ட் மேல பைண்ட் பண்ணா, அந்தப் பேருல எதுவுமே வராததால செட்டரே கூப்பிடப்படாது, இருக்குன்னு பழைய பதிலே நின்னுரும். டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், அப்படியேதான் நின்னுச்சு. ஸ்பிரிங்க செஞ்சவங்க இத யோசிச்சிருக்காங்க, அவங்களோட செக்பாக்ஸ் டேக்க பயன்படுத்துனா அதே பேருக்கு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் வச்சு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பெட்டியையும் சேத்து அனுப்பும், அது மட்டும் வந்து டிக் வரலைன்னா இல்லைன்னு புரிஞ்சுக்கும். கையால வெறும் ஹெச்டிஎம்எல் எழுதுறவங்க இத விட்டுர்றாங்க. டிசம்பர் மாசம் கடல் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஊர் இது, 1964ல தனுஷ்கோடிய புயல் கொண்டு போனத பாத்தவங்க இன்னும் இருக்காங்க. ஜாக்கெட் இருக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு பொய் உக்காந்திருக்கிறத என்னால லேசா எடுத்துக்க முடியல.

இப்ப பேருக்கு வர்றேன். மாமா பேரு கெட்டுப் போனது எப்படின்னா, படிவம் எந்த எழுத்து முறையில வருதுன்னு பிரவுசர் சொல்லாட்டி சர்வ்லெட் விதிப்படி ஐஎஸ்ஓ 8859-1ன்னு எடுத்துக்கும், அது மேற்கு ஐரோப்பா மொழிகளுக்கான முறை. தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8ங்கிற எல்லா மொழிக்குமான முறையில மூணு பைட்டு, அத மூணையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தா படிச்சா தலையில கோடு போட்ட ஏ வும் வட்டத்துக்குள்ள ஆரும்தான் வரும். எழுத்தெல்லாம் சரியாத்தான் போயிருக்கு, படிச்சவன் தப்பா படிச்சிருக்கான். எந்த எழுத்து முறைன்னு சொல்லி வைக்கிற கேரக்டர் என்கோடிங் ஃபில்டர மத்த எல்லாத்துக்கும் முன்னாடி வைக்கணும், ஒரு பாராமீட்டர படிச்சதுக்கு அப்புறம் வச்சா பிரயோசனம் இல்ல. ஸ்பிரிங் மேல கட்டுன ஸ்பிரிங் பூட் இத தானா பண்ணிக் குடுக்குது, பழைய ப்ராஜெக்ட்லதான் இது இன்னும் கெடக்கு.

சூசையம்மாள்னு ஒரு பேர எடுத்துக்குவோம், தங்கச்சிமடம் பக்கம் ரொம்பப் பழக்கமான பேரு. நம்ம கணக்குல ஆறு எழுத்து. ஜாவா கணக்குல பதினொண்ணு, ஏன்னா அது காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணும். பேரு பத்து எழுத்துக்குள்ளன்னு சைஸ்ங்கிற எல்லை போட்டிருந்தா அந்த அம்மாவுக்கு பேரு நீளம்னு எர்ரர் வரும், அவங்க விரல விட்டு எண்ணிப் பாத்தா ஆறுதான் வரும், தப்பு எங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும். அதுக்கு மேல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு ப்ராப்பர்ட்டி, ரெண்டும் கட்டாயம். எங்க ஊர்ல யாருக்கு லாஸ்ட் நேம் இருக்கு? அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல். நெட் சென்டர்ல வேற வழி தெரியாம ஒரே பேர ரெண்டு தடவ அடிச்சு விடுறாங்க, அப்புறம் பேங்க்ல ஒரு பேரு இங்க ஒரு பேருன்னு அலைய வேண்டியது. வெளிநாட்டுக்காரன் எழுதுன மாதிரி ப்ரோகிராம்ல இருந்து கிளாஸ, அதாவது ஆப்ஜெக்ட்டோட வார்ப்ப, அப்படியே காப்பி பண்றதுல வர்ற வினை இது. நம்ம ஊருக்கு எழுதுறோம்னா முழுப்பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, இனிஷியல் கட்டாயம் இல்லைன்னு வச்சா என்ன கொறைஞ்சு போச்சு.

தப்பு வந்தா என்ன பண்ணணும்ங்கிறதுக்கும் ஸ்பிரிங்ல வழி இருக்கு. பைண்டிங் ரிசல்ட்னு ஒண்ண அந்த ஆப்ஜெக்ட்டுக்கு ஒட்டி அடுத்த பாராமீட்டரா வைக்கணும், நடுவுல வேற எதுவும் வரக் கூடாது. அத வைக்காட்டி 400னு ஒரு எர்ரர் பக்கம்தான் வரும், அடிச்சதெல்லாம் போச்சு. வச்சா எந்தப் பெட்டியில தப்பு, அந்த ஆளு என்ன அடிச்சாருங்கிறது ரெண்டையும் அது பத்திரமா வச்சிருக்கும், எண்ணா மாத்த முடியாத எழுத்தக் கூட அடிச்ச மாதிரியே திருப்பிக் காட்டலாம். அந்த இங்கிலீஷ் வரிக்கு பதிலா மெசேஜஸ் ஃபைல்ல டைப்மிஸ்மேட்ச் டாட் போன்னு போட்டு போன் நம்பர்ல எண் மட்டும் இருக்கட்டும்னு தமிழ்ல ஒரு வரி எழுதலாம். மூணு தடவ முப்பது பெட்டி அடிச்ச எங்க மதினிக்கு இந்த ஒரு வரி போதுமா இருந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, இத கண்டிப்பா சொல்லியாகணும். பைண்டர் படிவத்துல என்ன பெட்டி இருக்குன்னு பாக்குறதே இல்ல, வந்த பேருக்கு செட்டர் இருந்தா போட்டுரும். பிள்ளைங்க டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்டையே நேரா படிவத்துக்கும் குடுத்திருந்தாங்க, அதுல அப்ரூவ்டுன்னு ஒரு ப்ராப்பர்ட்டி, அதிகாரி மட்டும் மாத்த வேண்டியது, படிவத்துல அந்தப் பெட்டியே கெடையாது. அவங்க கண்ணு முன்னாடியே பிரவுசர்ல இன்ஸ்பெக்ட் தொறந்து அப்ரூவ்டுன்னு ஒரு பெட்டிய நானே சேத்து ட்ரூன்னு அடிச்சு அனுப்புனேன், படகுக்கு அனுமதி கெடச்சிருச்சு. ஐடி ய மாத்தி அனுப்புனேன், வேற ஒருத்தர் படகோட விவரம் அழிஞ்சு இது உக்காந்துச்சு. மூணு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 2012 மார்ச்ல, ப்ரோகிராம் எழுதுறவங்க தங்க கோட போட்டு வைக்கிற கிட்ஹப் மாதிரி பெரிய எடத்துலயே இதே ஓட்டை இருந்துச்சு, அது ரூபி ஆன் ரெயில்ஸ்ங்கிற வேற தொகுப்பு, ஆனா சங்கதி ஒண்ணுதான். ஜாவாவுல இதுக்கு ஒரு படி மேல போச்சு. எல்லா ஜாவா ஆப்ஜெக்ட்டுக்கும் கெட்கிளாஸ்னு ஒரு கெட்டர் பிறவியிலயே இருக்கு, அது வழியா டாட் டாட்டா போட்டு கிளாஸயெல்லாம் ஏத்துற கிளாஸ்லோடர் வரைக்கும் போகலாம்னு 2010லயே கண்டுபிடிச்சு ஸ்பிரிங்ல அந்தக் கதவ அடைச்சாங்க, 2014ல ஸ்ட்ரட்ஸ்ல அதே கதை. 2017ல வந்த ஜாவா 9 கிளாஸுக்குள்ள மாட்யூல்னு புதுசா ஒரு வழிய தொறந்து விட்டுச்சு, அது யாரு கண்ணுலயும் படாம இருந்து 2022 மார்ச் கடைசியில ஸ்பிரிங்4ஷெல்னு வெடிச்சுச்சு. டாம்கேட்ங்கிற ஜாவா சர்வர்ல வார் ஃபைலா, அதாவது ஒரே கட்டா, ஓடுற சைட்டுக்கு ஒரு படிவத்த அனுப்புற மாதிரி அனுப்பியே சர்வர்ல தன் ஃபைல எழுதி வைக்க முடிஞ்சுது. 5.3.18லயும் 5.2.20லயும் சரி பண்ணாங்க. அதுக்கு முந்துன பதிப்புல யாராவது இன்னும் சைட்டு ஓட்டிக்கிட்டு இருந்தா இன்னைக்கே மாத்தணும்.

இதுக்கு நான் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தது, படிவத்துக்குன்னு தனியா ஒரு சின்ன கிளாஸ் எழுது, திரையில என்ன பெட்டி இருக்கோ அது மட்டும் அதுல இருக்கட்டும், சரி பாத்துட்டு கையால எடுத்து டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்ல போடு. எழுதுறது கூடத்தான். முடியாட்டி இனிட்பைண்டர்ல செட் அலவுடு ஃபீல்ட்ஸ்னு எத எத உள்ள விடலாம்னு பேர் சொல்லு. எத விடக் கூடாதுன்னு பட்டியல் போடாத, அதுல ஒண்ணு எப்பவும் விட்டுப் போகும். அவங்க ஒரு வாரம் உக்காந்து எல்லாத்தையும் மாத்துனாங்க. மாத்துனதும் மதினிய கூப்பிட்டு உக்கார வச்சு அடிக்கச் சொன்னோம், போன் நம்பர கோடு போட்டுத்தான் அடிச்சாங்க, தேதிய புள்ளி வச்சு அடிச்சாங்க. நம்பர் போயிருச்சு. தேதி போகல, ஆனா மத்த பெட்டியெல்லாம் அப்படியே இருந்துச்சு, தேதிப் பெட்டிக்குக் கீழ தமிழ்ல நாள், மாசம், வருசம் நடுவுல சாய்கோடு போடுங்கன்னு வந்துச்சு, மதினி படிச்சுட்டு அவங்களே மாத்திட்டாங்க. புள்ளியையும் ஏத்துக்கலாமேன்னு ஒரு தம்பி அப்பவே போய் அதையும் சேத்துட்டான்.

அய்யா, உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். கல்விப் பக்கத்துல வாரத்துக்கு கால் பக்கமாவது இந்த மாதிரி விசயத்துக்கு, தமிழ்லயே, ஒதுக்குங்க. காலேஜ்ல ப்ராஜெக்ட் பாக்குற வாத்தியாருங்க இத படிச்சா, வைவா அன்னைக்கு ஏபிசின்னும் 12345ன்னும் அடிக்கிறத ஒத்துக்காம, அவங்கவங்க வீட்டு அப்பத்தா பேர தமிழ்ல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. மக்களுக்கு சைட்டு செய்றவங்க தொறந்து விடுறதுக்கு முன்னாடி மண்டபத்துலயோ கீழக்கரையிலயோ தொண்டியிலயோ நாலு பேர கூப்பிட்டு ஒரு தடவ அடிக்க வச்சுப் பாக்கட்டும். எழுதுறதுக்கு ஆள் இல்லைன்னா நான் எழுதித் தர்றேன், காசு வேணாம். மாமா பேரு அந்த ரசீதுல இன்னும் மாறல, அதுக்கும் ஒரு மனு எழுதி வச்சிருக்கேன், தபால்லதான் அனுப்பணும்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
பாம்பன் வாசகி